வாலொடு பிறந்த மகவு

"வாலாட்டாதே!" என்று ஆசிரியர் ஒருமுறையேனும் அதட்டாத வகுப்பறை எமது நாட்டில் இருத்தல் அரிது. குறும்பு மிக்க பிள்ளையை "வால்" என்கின்றோம். அடங்கிப் போனவனை "வாலைச் சுருட்டிக்கொண்டான்" என்கின்றோம். இவ்வளவு எளிதாக நாம் வழங்கும் அச்சொல், ஒரு வீட்டிற் பிறந்த மகவின் முதுகடியில் மெய்யாகவே ஓர் உறுப்பாய்த் தோன்றிவிடின், அவ்வீட்டிற் பேச்சே அடங்கிவிடுகின்றது. தாய் துணியால் மூடுகின்றாள். பாட்டி குலதெய்வத்தை நினைக்கின்றாள். தந்தை எவரிடம் சொல்வது, எவரிடம் மறைப்பது என அறியாது நிற்கின்றார்.

அத்தகைய மகவை மூன்று இடர்கள் சூழ்கின்றன. ஒன்று, அச்சம்: முன்வினையென்றும், கிரகண காலத்துப் பிழையென்றும் தாயின்மேற் பழி சுமத்தப்படும். மற்றொன்று, வழிபாடு: அனுமனே அவதரித்தான் என்று பாலகனைப் பீடத்தில் இருத்திக் காணிக்கை வாங்குவர். இந்தியாவில் இவ்வாறு நிகழ்ந்ததைச் செய்தித்தாள்கள் பலமுறை வெளியிட்டுள்ளன. மூன்றாவது, அவசரக் கத்தி: "சிறு தசைதானே, அறுத்துவிட்டாற் போயிற்று" என எண்ணி, உள்ளே யாது உளது என ஆராயாது வெட்டிவிடுதல். இம்மூன்றினின்றும் மகவைக் காப்பது அறிவு ஒன்றே. ஆகவே இவ்வால் யாது, எங்கிருந்து வருகின்றது, அதனைக் கண்டவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பவற்றைப் பழைய மாணவர்க்கும் பயிலும் மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு ஆராய்வோம்.

யாவர்க்கும் இருந்த வால்

முதற்கண் அறியவேண்டிய உண்மை இது: இதனை வாசிக்கும் ஒவ்வொருவர்க்கும் ஒருகாலத்தில் வால் இருந்தது. தாயின் கருப்பையிலே நான்காம் கிழமை முடியுந் தறுவாயில், முளையத்தின் பின்முனையில் வால் ஒன்று வெளித்தோன்றுகின்றது. ஐந்தாம் ஆறாங் கிழமைகளில் அது முளையத்தின் நீளத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கை எட்டுகின்றது. அதனுள்ளே பத்து முதற் பன்னிரண்டு வரையான வால் முள்ளென்புகளின் தொடக்க வடிவங்கள் காணப்படுகின்றன. அவ்வேளையில் முளையம் முழுவதுமே ஒரு சென்ரிமீற்றர் அளவினதாகும்.

பின்னர் வியத்தகு மாற்றமொன்று நிகழ்கின்றது. வாலிலுள்ள கலங்கள் ஒழுங்கான முறையில் தாமே மடிகின்றன. இது நோயினால் வரும் சாவன்று. உடல் தன்னைச் செதுக்கிக்கொள்ளும் முறைகளுள் ஒன்று. விரல்களுக்கிடையேயுள்ள சவ்வு மறைந்து விரல்கள் தனித்தனியாய்ப் பிரிவதும் இம்முறையினாலேயே ஆகும். மடிந்த கலங்களைத் தின்குழியங்கள் விழுங்கி அகற்றுகின்றன. எட்டாங் கிழமை முடிவதற்குள் வால் மறைந்துவிடுகின்றது. தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறியும் காலத்தில், மகவின் வாலானது தோன்றி மறையும் நிலையை அடைந்துவிடுகின்றது எனலாம்.

இதனைக் கொண்டு, ஒவ்வொரு மனிதனும் கருவிலே மீனாகவும் பல்லியாகவும் குரங்காகவும் இருந்தே மனிதனாகின்றான் என்று கொள்ளுதல் தவறு. ஜேர்மனிய அறிஞர் ஏர்ணஸ்ட் ஹெக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவ்வாறானதொரு கொள்கையைப் பரப்பினார். இன்றைய உயிரியல் அதனை ஏற்பதில்லை. முதுகெலும்பு உடைய விலங்குகள் யாவும் உடலமைப்பின் தொடக்க வரைபு ஒன்றைப் பங்கிட்டுக் கொள்கின்றன. அவ்வரைபிலே வால் அடங்கும். மனிதக் கரு எந்நிலையிலும் மனிதக் கருவேயாம்.

எஞ்சிய என்பு

மறைந்த வாலின் அடிப்பகுதி முற்றாக அழிவதில்லை. எமது முள்ளந்தண்டிற் கழுத்தில் ஏழு, நெஞ்சில் பன்னிரண்டு, நாரியில் ஐந்து, திருவென்பில் ஐந்து என முள்ளென்புகள் அமைந்திருக்க, இறுதியிற் பெரும்பாலும் நான்கு சிற்றென்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. இதுவே குயிலலகு. குயிலின் அலகை ஒத்த வடிவினது என்று கண்ட பண்டைக் கிரேக்கர் குயிலின் பெயரையே அதற்கு இட்டனர். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தார் அப்பொருளை அழகுற வழங்கினர்.

குயிலலகு பயனற்ற எச்சம் என்று கூறுவோர் உளர். வழுக்கி விழுந்து அதனை நோகச் செய்தவர் அவ்வாறு கூறார். இடுப்புக் குழியின் அடித்தளமாக நின்று குடலையும் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் தசைகள் பல அதனைப் பற்றியே நிற்கின்றன. பிட்டத்துப் பெருந்தசையின் ஒரு பகுதியும் அதில் தொடுக்கப்பட்டுள்ளது. பின்புறம் சாய்ந்து அமரும்போது உடலின் பாரத்தில் ஒரு பங்கை அது ஏற்கின்றது. அசைத்தல் என்னும் பழந்தொழிலை இழந்த உறுப்பு, தாங்குதல் என்னும் புதுத்தொழிலை மேற்கொண்டுள்ளது.

இருவகை வால்

மிக அரிதாக, மகவு பிறக்கும்போது கீழ் முதுகிலோ பிட்டப் பிளவின் மேலோ வால் போன்ற உறுப்பொன்று நீண்டிருக்கக் காண்கின்றோம். அது பொதுவாக மென்மையானது, தோலாற் போர்த்தப்பட்டது, நுனி நோக்கி ஒடுங்குவது.

1901ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ரோஸ் ஹரிசன் என்பார் இத்தகைய வாலொன்றை நுணுகி ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். உடலுக்கு வெளியே கலங்களை வளர்க்கும் முறைக்குப் பின்னாளில் அடிகோலியவரும் இவரே. குழந்தை அழும்போதும் இருமும்போதும் அவ்வால் சுருங்கி அசைந்ததாம். உள்ளே வரித்தசை இருந்ததே அதற்குக் காரணம்.

1984ஆம் ஆண்டில் டாவோ, நெற்ஸ்கி என்னும் இருவர் அதுவரை வெளிவந்த விவரங்களைத் தொகுத்து, இவ்வுறுப்புகளை மெய்வால், பொய்வால் என இரண்டாக வகுத்தனர். மெய்வாலில் கொழுப்பு, இணைப்பிழையம், வரித்தசை, குருதிக்குழாய், நரம்பு ஆகியவை உள, என்பு இல்லை. முளையத்து வாலின் என்பில்லாத நுனிப்பகுதி மறையாது எஞ்சியதே இது என்பது அவர்தம் கருத்து. பொய்வால் என்பது தோற்றத்தால் மட்டும் வால்: குயிலலகு வழமைக்கு மாறாக வெளிநோக்கி நீண்டிருத்தல், கொழுப்புக் கட்டி, வேறுவகைக் கட்டிகள் முதலியன இதில் அடங்கும். இப்பாகுபாடு இன்றும் நூல்களில் வழங்குகின்றது. ஆயினும் மகவின் நலத்தைத் தீர்மானிப்பது இப்பெயரன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கதையும் கருத்தும்

வாலுடைய மாந்தர் எங்கோ ஒரு தொலைதேயத்தில் வாழ்கின்றனர் என்னும் கதை மிகப் பழையது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, சுமாத்திராத் தீவின் லாம்பிரி இராச்சியத்தில் அத்தகையோர் உளர் என்று எழுதிவைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்து நாட்டு நீதிபதி மொன்போடோ பிரபு, நிக்கோபார்த் தீவில் வாலுடைய மனிதரைக் கண்டதாக ஒரு மாலுமி கூறியதை நம்பி நூலில் எழுதினார். அக்கதைகளில் ஒரு பொது இயல்பைக் காணலாம்: வால் பெரும்பாலும் தொலைதேயத்துப் பிறருக்கே உரியதாகக் கூறப்பட்டது. தொலைவிலுள்ளோரை மனிதரிலும் தாழ்ந்தோராய்க் காட்ட வால் ஒரு கருவியாயிற்று. ஆனால் மருத்துவ ஏடுகள் காட்டுவது வேறு. வாலுடைய மகவு அமெரிக்காவிலும் பிறந்ததுண்டு; ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பிறந்ததுண்டு. எக்குலத்துக்கும் எந்நாட்டுக்கும் அது தனியுரிமையன்று.

1871ஆம் ஆண்டில் சார்ள்ஸ் டார்வின், மனிதனின் வழித்தோற்றம் பற்றிய தமது நூலில் குயிலலகை முன்னோரின் வாலெச்சமாக எடுத்துக்காட்டினார். அதன்பின் வாலொடு பிறந்த ஒவ்வொரு மகவும் கூர்ப்புக் கொள்கைக்குச் சான்றெனச் சிலரால் முன்னிறுத்தப்பட்டது. அச்சான்றை மறுப்பதற்கு வேறு சிலர் முனைந்தனர். குரங்கின் வாலில் முள்ளென்புகள் உள. மகவின் மெய்வாலில் அவை இல்லை. ஆதலின் முன்னோரின் வால் அப்படியே மீண்டது என்று சொல்லுதல் பொருந்தாது. முதுகின் கீழ்ப்பகுதி உருவாகையில் நேர்ந்த பிழையின் புறவடையாளமே அது என்று கருதும் மருத்துவர் இன்று பலர். கூர்ப்புக்குரிய சான்றுகள் வேறு பல, வலியன, உள. குழந்தையோ எவருடைய வழக்குக்கும் சாட்சிப்பொருளன்று.

வால் மறைந்த வரலாறு

எமது தோப்புகளிலே தாவும் குரங்குக்கும் மந்திக்கும் நீண்ட வால் உண்டு. கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், கிபன் ஆகியவற்றுக்கும் மனிதனுக்கும் வால் இல்லை. இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது என்பதற்கு விடை அண்மையிலேதான் தெளிவு பெறத் தொடங்கியது.

1927ஆம் ஆண்டில் நடீன் டொப்ரொவொல்ஸ்கயா-சவட்ஸ்கயா என்னும் பெண் விஞ்ஞானி, குறுவாலுடைய எலிகளை ஆராய்ந்து, வாலின் வளர்ச்சியை ஆளும் பரம்பரையலகு ஒன்றை இனங்கண்டார். 'குறுவால்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அது பிராகியூரி எனப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், போ சியா, இட்டாய் யனாய், ஜெஃப் போக் ஆகியோரும் உடனாய்வாளரும் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏறத்தாழ 250 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், வாலில்லாக் குரங்குகளுக்கும் மனிதனுக்கும் பொதுவான முன்னோர் வழியில், அலு எனப்படும் சிறு மரபுத் துண்டொன்று அப்பரம்பரையலகினுள் புகுந்து நிலைத்தது. அதன் விளைவாய், அவ்வலகின் செய்தி படியெடுக்கப்படும்போது ஒரு பகுதி விடுபட்டுப் போகின்றது. அவ்வாறான மாற்றத்தை எலிகளில் உண்டாக்கியபோது, சில எலிகள் குறுவாலுடனும் சில வாலின்றியும் பிறந்தன.

அவ்வாய்வில் எம்மை நிறுத்திச் சிந்திக்க வைத்த செய்தி மற்றொன்று உளது. மாற்றப்பட்ட எலிகள் சிலவற்றில் நரம்புக்குழாய் செவ்வனே மூடவில்லை. வாலை இழந்ததற்கு எமது முன்னோர் இவ்விலையையும் கொடுத்திருத்தல் கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. வாலும் முண்ணாணின் கடைப்பகுதியும் அயலில் உருவாகுவன. ஒன்றில் நேரும் பிழை மற்றதையும் தீண்டுதல் கூடும்.

தோலின் கீழே

இங்கேதான் எமது கட்டுரையின் உயிர்நிலை உளது. முண்ணாணின் பெரும்பகுதி, தட்டையான நரம்புத் தகடு குழாயாய் மடிவதனால் உண்டாகின்றது. அதன் கடைமுனையோ வால்மொட்டு எனப்படும் கலத்திரளிலிருந்து உருவாகின்றது. ஆதலின் வால் இருக்குமிடத்தில் முண்ணாணின் முனையும் பிழைபட்டிருத்தல் கூடும். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அதுவரை பதிவான 59 மகவுகளின் விவரங்களை ஒருங்கே நோக்கியது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முள்ளந்தண்டு உள்ளே செவ்வனே மூடாத குறை இருந்தது. மென்மையான, என்பில்லாத, தீங்கற்றதெனத் தோன்றிய வாலின் கீழும் அக்குறை காணப்பட்டது. மெய்வால், பொய்வால் என்னும் பெயரை மட்டும் நம்பியிருத்தல் தகாது என நாம் மேலே கூறியதன் காரணம் இதுவே.

முண்ணாண் வளர்ந்தோரில் நாரியின் முதலிரு முள்ளென்புகள் அளவில் முடிவடைகின்றது. குழந்தை வளரும்போது முள்ளந்தண்டு முண்ணாணிலும் விரைவாக நீளுதலால், முண்ணாணின் முனை மேலேறுவது போல் அமைகின்றது. அம்முனை கீழேயுள்ள கொழுப்புக் கட்டியுடனோ தடித்த நாருடனோ ஒட்டியிருப்பின் மேலேற இயலாது, இழுபடும். கட்டுத்தறியில் நின்று இழுக்கும் கன்றின் கயிறுபோல், உயரம் கூடக்கூட இழுவையும் கூடும். நாளடைவிற் கால் மெலிதல், பாதம் வளைதல், நடை தடுமாறுதல், முதுகுவலி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன தோன்றும். இழந்த நரம்பின் வலிமை பெரும்பாலும் முற்றாய் மீள்வதில்லை; காலத்தே அறிந்து விடுவித்தலே வழி.

ஆகவே செய்யத்தக்கது யாதெனின், வாலை அறுக்குமுன் முள்ளந்தண்டைப் பார்த்தலாகும். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் என்புகள் முற்றாத காரணத்தால், ஒலியலைகளாற் படமெடுக்கும் எளிய ஸ்கான் பரிசோதனையே பலவற்றைக் காட்டும். காந்தப் பரிவுப் படமாகிய எம்.ஆர்.ஐ. முண்ணாணின் நிலையைத் தெளிவாய்க் காட்டும். உள்ளே குறை யாதும் இல்லையெனின், வாலை நீக்குதல் சிறு சத்திரசிகிச்சையே. அது மீண்டும் முளைப்பதில்லை. குறை உளதெனின், நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணர் முண்ணாணை விடுவித்தலையும் வாலை நீக்குதலையும் ஒருங்கே திட்டமிடுவர்.

வால் இல்லாவிடினும் கீழ் முதுகின் நடுக்கோட்டில் மயிர்க்கற்றை, கொழுப்புக் கட்டி, உயரத்தில் அமைந்த ஆழ்ந்த குழி ஆகியன காணப்படின் அவையும் வைத்தியருக்குக் காட்டத்தக்கன. பிட்டப் பிளவினுள்ளே அமைந்த சிறு குழி பல மகவுகளிற் காணப்படுவது; அது பெரும்பாலும் தீங்கற்றது. வீண் அச்சமும் வேண்டா. வீண் அலட்சியமும் வேண்டா.

ஒரு பழைய நண்பர்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்வை இனிக் கூறுவோம். எமது மாணவப் பருவத்தில் எம்மோடு பயின்றார் ஒருவர். கணிதத்தில் வல்லவர். மைதானத்தில் இறங்கமாட்டார், எல்லையோரத்தில் அமர்ந்து ஓட்டக்கணக்கு எழுதுவார். அவருடைய இடக்கால் மற்றதினும் மெலிந்தது. வகுப்பு நடக்கையில் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்பார். பாடத்துக்கு அஞ்சிச் சாக்குச் சொல்கின்றார் என்று ஆசிரியர் ஒருவர் பலமுறை மறுத்ததுண்டு. மறுத்த நாட்களில் நேர்ந்ததைக் கண்டு நாம் சிரித்ததும் உண்டு. அவருக்கு நாம் சூட்டிய பட்டப்பெயரை இங்கே எழுதி அதற்கு இரண்டாம் வாழ்வு அளிக்க விரும்பவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்து அவரை மீண்டும் சந்தித்தோம். ஐம்பது வயதளவில் முதுகுவலி தாங்காது அவர் மருத்துவமனை சென்றபோது, எம்.ஆர்.ஐ. படத்தில் முண்ணாண் கொழுப்புக் கட்டியொன்றில் ஒட்டி இழுபட்டிருத்தல் தெரிந்தது. முதுகின் தழும்பு பற்றி வைத்தியர் வினவவே, அவர் தமது முதிய அன்னையைக் கேட்டார். அன்னையார் அழுதுகொண்டே அன்றுதான் உண்மையைச் சொன்னாராம். அவர் இருவிரல் நீள வாலொடு பிறந்தவர். ஊரறியுமுன் நூலாற் கட்டி அதனை விழச் செய்தனர். அதன்பின் அப்பேச்சை எவரும் எடுக்கவில்லை.

"வால் விழுந்த அன்று வீட்டில் எல்லாருக்கும் பெரிய நிம்மதியாம். அதற்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்பதற்குத்தான் ஒருவரும் இருக்கவில்லை," என்றார் நண்பர். சத்திரசிகிச்சையால் வலி நீங்கியது; மேலும் நலிவது நின்றது; ஆனால் காலும் சிறுநீர்ப்பையும் பழைய நிலைக்கு மீளவில்லை. நாம் இளமையிற் செய்த பிழையை அவர்முன் ஒப்புக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "மலருக்கு எழுதுகிறீர் என்றால் இதை எழுதும். பெயரை மட்டும் விட்டுவிடும்," என்றார். அவர் விருப்பப்படியே எழுதினோம்.

முடிவுரை

அவருடைய அன்னையையோ அக்காலத்து மூத்தோரையோ நாம் குறைகூறோம். அந்நாளில் அக்குறையைத் தெளிவாய்க் காட்டும் கருவி இருக்கவில்லை, எம்.ஆர்.ஐ. மருத்துவ வழக்குக்கு வந்தது 1980களிலேதான். இன்று கருவி உளது. இனியும் ஒரு மகவின் வால் நூலாற் கட்டி மறைக்கப்படுமாயின், அல்லது காணிக்கைத் தட்டுக்கு முன் காட்சிக்கு வைக்கப்படுமாயின், அது அறியாமையன்று, அறிந்தும் செய்யாமையாம்.

அனுமனின் வாலை அசைக்க இயலாது வீமன் செருக்கடங்கிய கதையை நாம் இளமையிற் கேட்டிருக்கின்றோம். முதியதொரு குரங்கின் வால்தானே என்று வீமன் எளிதாய் எண்ணியதே அவனது பிழை. புறத்தே காண்பதைக்கொண்டு உள்ளேயிருப்பதை அளத்தல் ஆகாது என்பதே அக்கதையின் பாடம். அனுமனைப் போற்றும் இல்லத்தார் தம் மகவைப் பீடத்தில் இருத்தாது, வைத்தியரிடம் எடுத்துச் செல்வாராக. மருத்துவ மாதர்களாகவும் வைத்தியர்களாகவும் பணிபுரியும் எம்மவர், தாயைத் தனியே இருத்தி, "இது உமது பிழையன்று" என்று முதலிற் சொல்வாராக.

பயிலும் மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் வகுப்பிலும் மைதானத்தில் இறங்காத ஒருவர் இருக்கலாம். அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்கும் ஒருவர் இருக்கலாம். காரணம் உங்களுக்குத் தெரியாது; அவருக்கே தெரியாதிருத்தலும் கூடும். ஆசிரியர்கள் அனுமதி கொடுப்பாராக. மாணவர்கள் பட்டப்பெயர் சூட்டாதிருப்பாராக. நாம் அவ்வயதிற் செய்யத் தவறியது இவ்விரண்டுமே.